மறைந்த எழுத்தாளர் நேரில் வருகிறார்

12 ஜனவரி 2015, திங்கள்

வில்மா ஹாஸ்கெட் உயிரோடு இருக்கிறாராம்.

காலையில் மாசானமுத்து தன் பாத்திரக்கடையைக்கூடத் திறக்காமல் ஓடி வந்தான். நான் சுகர் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீருக்குக் கை நீட்டிய சமயம். "அண்ணாச்சி, நம்ம அம்மா சாகலையாம்!" என்றான். என் அம்மா செத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. மாத்திரை தொண்டையில் நின்றுவிட்டது. பிரமு என் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்ட பிறகுதான் உள்ளே இறங்கிற்று. கல்யாணமான முப்பத்தொன்பது வருஷத்துக் கோபத்தில் பாதியை அந்த அறையில் தீர்த்துக்கொண்டிருப்பாள்.

"எந்த அம்மாவே?" என்றேன்.

"ஹாஸ்கெட் அம்மா, அண்ணாச்சி! அமெரிக்கா அம்மா!"

மாசானம் எங்கள் பாளை இலக்கிய வட்டத்தின் செயலாளர். நான் தலைவர். உறுப்பினர்கள் இருபத்திமூன்று பேர். வட்டத்துக்கென்று இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தை மாசானத்தின் மகள் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அதற்கு வந்த கடிதத்தைத்தான் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தான். படித்தேன். சுருக்கம் இது: "நான் உயிரோடு இருக்கிறேன். வயது எண்பத்தொன்று. உங்கள் ஊரில் வருஷாவருஷம் எனக்கு நினைவு நாள் நடத்துவதாக என் பேத்தி கண்டுபிடித்துச் சொன்னாள். என் ஊரில் யாரும் எனக்குப் பிறந்தநாள்கூடக் கொண்டாடுவதில்லை. பிப்ரவரியில் சுற்றுலாவாகத் திருவனந்தபுரம் வருகிறேன். எட்டாம் தேதி நடக்கும் என் நினைவு நாளில் நானும் கலந்துகொள்ளலாமா?"

மாசானத்துக்குக் கண்ணில் தண்ணீர். எனக்கு வேறு இடங்களில் எல்லாம் வியர்வை.

ஏன் என்றால், 'கரோலின் போட்ட வெந்நீர்' என்ற மொழிபெயர்ப்புச் சிறுகதைத் தொகுப்பு 1988இல் வந்தது. ஒன்பது கதைகள். மூலம் வில்மா ஹாஸ்கெட், தமிழில் நான். முன்னால் நாலு பக்கத்துக்கு 'ஆசிரியரின் வாழ்வும் எழுத்தும்' என்று ஒரு குறிப்பு. அதில் அவர் ஏழை விவசாயியின் ஏழாவது மகள். கணவன் போரில் மாண்டான். காசநோயோடு சிம்னி விளக்கில் எழுதினார். நாற்பது பத்திரிகைகள் கதைகளைத் திருப்பி அனுப்பின. 1969ஆம் வருஷம் பிப்ரவரி எட்டாம் தேதி தர்ம ஆஸ்பத்திரியில் "மையைக் கொண்டு வா" என்று சொல்லி உயிர் துறந்தார்.

இதில் அவர் பெண் என்பது ஒன்றுதான் உண்மை. அதுவும் பெயரை வைத்து நான் ஊகித்தது.

13 ஜனவரி, செவ்வாய்

என் பக்கத்து நியாயத்தையும் எழுதி வைக்க வேண்டும்.

அந்த ஆங்கிலப் புத்தகம் திருநெல்வேலி ஜங்ஷன் பழைய புத்தகக் குவியலில் கிடைத்தது. அட்டை கிடையாது, முதல் தாள்கள் கிடையாது, கடைசித் தாள்களும் கிடையாது. ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் வில்மா ஹாஸ்கெட் என்று இருந்தது, அவ்வளவுதான். கதைகளைப் படித்தேன். சாதாரண மனுஷர்கள், சின்ன ஊர், யாரும் கத்தமாட்டார்கள். பிடித்துப்போய்விட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்கு நடுவே மூன்று வருஷம் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். மதுரைப் பதிப்பாளர் கையெழுத்துப் பிரதியைப் புரட்டிவிட்டு, "அந்தம்மா பிறந்துச்சா, செத்துச்சான்னு ஒண்ணுமே இல்லையே. இதைப் படிக்கிறவன் யாருக்காக அழுவான்?" என்று கேட்டார். அமெரிக்காவுக்கு எழுதி விசாரிக்கிறேன் என்றேன். அச்சு இயந்திரம் நாளை மறுநாள்தான் சும்மா இருக்கிறது என்றார்.

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு டிரங்க் காலுக்கும் அடுத்த டிரங்க் காலுக்கும் நடுவில் அந்த வாழ்க்கையை எழுதி முடித்தேன். ஆஸ்பத்திரி கட்டம் எழுதும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது. படமும் கேட்டார். பிரமு ஸ்வெட்டர் பின்ன வாங்கியிருந்த கம்பளி நூல் பொட்டலத்தில் ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள். வெட்டிக் கொடுத்தேன்.

பதிப்பாளர் காலமாகிவிட்டார். அவர் நிஜமாகவே.

15 ஜனவரி, வியாழன்

பொங்கல். பானை பொங்குகிற நேரத்தில் நான் மாசானத்திடம் "வர வேண்டாம்னு எழுதிரும்வே" என்று போனில் கெஞ்சிக்கொண்டிருந்தேனாம். 'பொங்கலோ பொங்கல்' சொல்ல ஆள் இல்லை என்று பிரமு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். மாசானம் ஏற்கெனவே "வருக வருக" என்று பதில் போட்டுவிட்டான்.

18 ஜனவரி, ஞாயிறு

பேராசிரியை ஸ்டெல்லா அமலோற்பவம் வந்திருந்தார். கையில் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு, மூன்று கிலோ இருக்கும். 'வில்மா ஹாஸ்கெட் புனைவுலகில் பனியும் பெண்ணும்.' அந்தம்மாவிடம் நேரில் கொடுக்கப் போகிறாராம்.

"சார், ஒன்பதாவது கதைக்கு மட்டும் எண்பது பக்கம் எழுதியிருக்கேன். அமெரிக்கக் கிராமங்கள்ல விடியக்காலைல பெண்கள் எழுந்து வாசல் பனியில குச்சியால புள்ளி வச்சுக் கோடு வரையற வழக்கம் இருந்துச்சுன்னு அந்தக் கதை மூலமாத்தான் தமிழ் ஆய்வுலகத்துக்கே தெரிய வந்துச்சு. இதுக்கு வேற எங்கேயும் ஆதாரம் கிடைக்கல. அவங்ககிட்டயே மேடையில கேட்டுடலாம்னு இருக்கேன்" என்றார்.

நான் காபியை மடியில் ஊற்றிக்கொண்டேன். சூடான காபி என்பதால் நான் போட்ட சத்தத்துக்கு வேறு காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அப்புறம் சார், மூலப் புத்தகத்தை ஒருநாள் பாக்கணும்."

"கரையான் அரிச்சுட்டும்மா" என்றேன்.

உள்ளே பரணில்தான் இருக்கிறது. பிரமு கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நம் வீட்டில் கரையானே கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

22 ஜனவரி, வியாழன்

இன்றைக்கு எழுதிவிடுகிறேன். வாழ்க்கைக் குறிப்புப் பொய்யை மன்னிப்புக் கேட்டுச் சமாளிக்கலாம். ஒன்பதாவது கதையைச் சமாளிக்க முடியாது. அது வில்மா ஹாஸ்கெட் எழுதியது அல்ல. நான் எழுதியது.

பழைய புத்தகத்தில் எட்டுக் கதைகள்தான் இருந்தன. "இன்னும் ஒரு கதை இருந்தா புஸ்தகம் தடியாகி முதுகு நிக்கும்" என்றார் பதிப்பாளர். என்னிடம் ஒரு கதை இருந்தது. ஏழு பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய கதை. மனைவியைக் கரோலின் ஆக்கினேன், புருஷனை ஜார்ஜ் ஆக்கினேன், வெண்கலப் பானையை அலுமினியக் கெட்டில் ஆக்கினேன். வாசல் கோலத்தைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. வெட்டிவிட்டால் கதையே இல்லை. அமெரிக்காவில் பனி பெய்யும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பனியில் வரையவிட்டேன்.

கடைசியில் வந்தவர் போனவர் எல்லாரும் அந்த ஒன்பதாவது கதையைத்தான் சொன்னார்கள். பதிப்பாளர் அதன் தலைப்பையே புத்தகத்துக்கும் வைத்திருந்தார். "வெள்ளைக்காரி எப்படி எழுதியிருக்கா பாருங்க, நம்மாளுங்களுக்கு இது வருமா?" என்று ஒருவர் என் தோளில் தட்டியே கேட்டார். வராதுதான் என்று நானும் தலையாட்டினேன்.

எட்டாம் தேதி அந்தம்மா மேடையில் "இது என் கதை இல்லையே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த ஊரில் நான் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ஸ்டெல்லாவின் பட்டம் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

24 ஜனவரி, சனி

நேற்று முன்தினம் எழுதியதில் ஒரு திருத்தம். ஏழு பத்திரிகை திருப்பி அனுப்பியது என்பது பொய். ஒரு பத்திரிகைக்கும் அனுப்பவில்லை.

30 ஜனவரி, வெள்ளி

மார்க்கெட் முக்கில் பிளெக்ஸ் கட்டிவிட்டான் மாசானம். யானை உயரம்.

"மறைந்த அமெரிக்கச் சிறுகதைப் பேரரசி வில்மா ஹாஸ்கெட் அவர்கள் நேரில் கலந்துகொள்ளும் 20ஆம் ஆண்டு நினைவேந்தல்."

நடுவில் கம்பளி நூல்காரி. தலைக்கு மேல் ஒளிவட்டம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு.

"என்னவே இது? 'மறைந்த'ன்னு போட்டிருக்கீரு?"

"பத்தொம்பது வருசமா அப்படித்தான போடுதோம் அண்ணாச்சி. போன வருச டிசைன்ல 'நேரில் கலந்துகொள்ளும்' மட்டும் சேர்த்தோம். பிளெக்ஸ்காரன் அதுக்கு மேல மாத்த மாட்டேனுட்டான்."

"நிகழ்ச்சி நிரல்ல இரண்டு நிமிட மௌன அஞ்சலி இருக்கே?"

"அதில்லாம நினைவேந்தல எப்படி அண்ணாச்சி ஆரம்பிக்கது? அந்தம்மாவும் கூட நின்னுட்டுப் போறாவ."

பிரமு காய்கறிப் பையோடு அந்த வழியே வந்தவள் பிளெக்ஸை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க செத்தாலாவது கொஞ்சம் சின்னதா அடிக்கச் சொல்லிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

3 பிப்ரவரி, செவ்வாய்

குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் வரவில்லை. நானே துணி சுற்றிப் பார்த்தேன், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

சாப்பிடும்போது பிரமு கேட்டாள். "அந்தம்மா செத்ததா ஒரு தேதி போட்டியளே, எதுக்கு அந்தத் தேதியப் போட்டிய?"

"ஏதோ வாயில வந்த தேதி" என்றேன்.

ரசத்தை ஊற்றினாள். பிப்ரவரி எட்டாம் தேதி நினைவேந்தலுக்கு மட்டும் அவள் வந்ததே இல்லை. அன்றைக்குக் கோயிலுக்குப் போய்விடுவாள். ஏன் என்று இங்கே எழுதப்போவதில்லை.

7 பிப்ரவரி, சனி

வந்துவிட்டார். மதியம் பன்னிரண்டுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து காரில் நேரே எங்கள் வீட்டுக்கே வந்து இறங்கினார். ஒல்லி, உயரம், கான்வாஸ் ஷூ. காசநோயின் அறிகுறி துளியும் இல்லை. என் கையைப் பிடித்துக் குலுக்கியதில் மோதிர விரல் இன்னும் வலிக்கிறது.

எனக்கு ஆங்கிலம் படிக்க வரும், பேச வராது. ஸ்டெல்லா நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தார். பிரமு சொதியும் இஞ்சிப் பச்சடியும் வைத்திருந்தாள். அந்தம்மா மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். செத்தவர் சாப்பிடுகிற மாதிரியே இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் நான் எழுந்து நின்று, வாழ்க்கைக் குறிப்பு முழுக்கக் கற்பனை என்று சொல்லிவிட்டேன். ஸ்டெல்லாவின் முகம் வெளிறிப்போனது. ஆனாலும் மொழிபெயர்த்தார். நாலு பக்கத்தையும் படித்துச் சொல்லும்படி அந்தம்மா கேட்டார். ஸ்டெல்லா படிக்கப் படிக்க அந்தம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு.

"என் புருஷன் ஹாரால்ட் போரில் செத்தானா? அவனுக்குத் தட்டைப் பாதம், பட்டாளத்தில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதைக் கேட்டிருந்தால் ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பான். போன வருஷம் தூக்கத்தில் போனான்" என்றார்.

அப்புறம் தன் கதையைச் சொன்னார். நெப்ராஸ்காவில் ஒரு சின்ன ஊர். புருஷன் பல் டாக்டர். இவர் வாசலில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுப்பவர். பல்வலியோடு வருகிறவர்கள் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்களாம், வலி இருக்கும்போது மனுஷனுக்கு ரகசியம் தங்காதாம். கேட்டதையெல்லாம் நேரம் குறிக்கிற அட்டைகளின் பின்பக்கத்தில் எழுதி எழுதிக் கதை ஆக்கினார். சின்னப் பத்திரிகைகளில் வந்தன. 1963இல் ஒரு புத்தகம், பன்னிரண்டு கதைகள். பாதிப் பிரதிகள் பதிப்பாளரிடமே தங்கிவிட்டன. அதன் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. முப்பது வருஷம் பந்து உருட்டி விளையாடுகிற கூடம் ஒன்றை நடத்தினாராம்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்று ஸ்டெல்லா கேட்டார்.

"இன்னொன்று எழுது என்று யாரும் கேட்கவில்லை" என்றார். சொல்லிவிட்டு இலையில் மிச்சமிருந்த இஞ்சிப் பச்சடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார்.

எனக்கும் அதே பதில்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது.

"நான் எப்படிச் செத்தேன்? திரும்பப் படி" என்றார். ஸ்டெல்லா படித்தார். "மையைக் கொண்டு வா" என்று அந்தம்மா இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "நல்ல சாவு. இதை மாற்ற வேண்டாம்" என்றார்.

ஒன்பதாவது கதையைப் பற்றி நான் பேச வாயெடுப்பதற்குள் ஸ்டெல்லா பையிலிருந்து தாள்களை எடுத்து நீட்டிவிட்டார். அந்தக் கதையைத் தமிழிலிருந்து அவரே ஆங்கிலமாக்கியிருக்கிறார். "நாளைக்கு மேடையில இதைப் பத்திக் கேப்பேன் மேடம், மூலம் கரையானுக்குப் போயிடுச்சு."

அந்தம்மா அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு லாட்ஜுக்குப் போய்விட்டார். இன்று சாயங்காலம் படித்துவிடுவார். நாளையோடு என் கதை முடிந்தது.

8 பிப்ரவரி, ஞாயிறு

முழுவதையும் எழுத வேண்டும்.

காலை பத்துக்கு நூலக மாடி ஹாலில் கூட்டம். வழக்கமாக முப்பது பேர் வருவார்கள். இன்றைக்கு இருநூறுக்குக் குறையாது. செத்தவரைப் பார்க்க வந்த கூட்டம். பிரமுவும் வந்திருந்தாள். கோயிலுக்குப் போகவில்லையா என்று கேட்டேன். "போயிட்டுத்தான் வாறேன்" என்று ஐந்தாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

மாசானம் வரவேற்புரை. "நம்மை விட்டுப் பிரிந்தும் பிரியாமல், நேற்று மதியம் காரில் வந்து சேர்ந்திருக்கிற அம்மையார் அவர்களே!" அதற்கே கைதட்டல். அடுத்து படத்துக்கு மாலை. அந்தம்மாவையே போடச் சொன்னார்கள். சந்தன மாலையைப் போட்டுவிட்டு, கம்பளி நூல்காரியை உற்றுப் பார்த்து, "என்னைவிட அழகு" என்று ஸ்டெல்லாவிடம் சொன்னார். பிறகு மௌன அஞ்சலி. எல்லாரோடும் சேர்ந்து அவரும் எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு நிமிஷம் முடிந்தும் அவர் மட்டும் கண் திறக்கவில்லை. மாசானம் என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். நல்ல வேளை, திறந்தார்.

ஸ்டெல்லா எழுந்தார். ஒன்பதாவது கதையின் கடைசிப் பக்கத்தைத் தமிழில் வாசித்தார். குழந்தை லில்லி இறந்த மறுநாள் விடியற்காலை. கரோலின் வழக்கம்போல எழுந்து வாசல் பனியில் புள்ளி வைத்துக் கோடு வரைகிறாள். உள்ளே போய்க் குழந்தையைக் குளிப்பாட்டக் கெட்டிலில் வெந்நீர் போடுகிறாள். தண்ணீர் கொதிக்கிறது. அப்போதுதான் குழந்தை இல்லை என்று நினைவு வருகிறது. அடுப்பின் முன் உட்கார்ந்து அழுகிறாள். ஜார்ஜ் வந்து அடுப்பை அணைக்கிறான். ஹாலில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம்.

"மேடம், இந்தக் கதையைப் பற்றிச் சொல்லுங்க. பனியில் கோடு வரையற அந்த வழக்கம் உங்க ஊர்ல உண்டா?"

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தம்மா கூட்டத்தைப் பார்த்தார். கண் துடைக்கிற பெண்களைப் பார்த்தார்.

"உண்டு. என் அம்மாதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். தினமும் பனியை வாருவதற்கு முன்னால் வரைவோம். இந்தக் கதையை ஒரே மூச்சில் எழுதினேன். நான் எழுதியதிலேயே சிறந்தது இதுதான்" என்றார்.

ஸ்டெல்லா துள்ளிக் குதிக்காத குறை. ஹால் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல்.

தப்பித்தாய் ஆவுடையப்பா என்று நான் மூச்சு விட்டிருக்க வேண்டும். விட முடியவில்லை. என்னை அறியாமல் மைக்கைப் பிடுங்கியிருக்கிறேன்.

"பச்சைப் பொய்!" என்று கத்தினேன். "அது என் கதை! நான் எழுதினது! அந்தம்மாவுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது!"

இந்த அம்மாவுக்குப் பிறப்பு முதல் சாவு வரை பொய்யாகவே கட்டிக்கொடுத்தவன் நான். அவர் ஒரே ஒரு பொய் சொன்னதும் எனக்குத் தாங்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிமிஷத்தில் வெட்கம் தோன்றவே இல்லை.

ஒருவரும் நம்பவில்லை. அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. "அண்ணாச்சிக்குச் சுகர் இறங்கிட்டு! யாராவது மிட்டாய் குடுங்கப்பா!" என்று மாசானம் அலறினான். யாரோ ஒருவர் ஆரஞ்சு மிட்டாய் ஒன்றை என் வாய்க்குள் திணித்தார். மிட்டாயோடு பேசினால் வார்த்தை எல்லாம் குழறுகிறது. "ழான் எழுழினழு" என்று கத்தினேன். முன் வரிசையில் ஒரு கல்லூரிப் பெண் சிரித்துவிட்டாள்.

"சார், உணர்ச்சிவசப்படாதீங்க. நான் நடை ஆய்வு செஞ்சிருக்கேன். அந்த வாழ்க்கைக் குறிப்பை எழுதின கையும் இந்தக் கதையை எழுதின கையும் ஒண்ணா இருக்கவே முடியாது" என்றார் ஸ்டெல்லா.

அப்போது ஐந்தாவது வரிசையில் பிரமு எழுந்தாள்.

மைக்கைக் கொண்டு ஓடினார்கள். வேண்டாம் என்று கையால் தள்ளினாள். "கேக்கும், கேக்கும்" என்றாள்.

"அந்தக் கரோலின் நான்தான். பனியுமில்ல, ஒண்ணுமில்ல, பச்சரிசி மாவு. எம்புள்ள பேரு லில்லி இல்ல, செண்பகவல்லி. எட்டு மாசம். காய்ச்சல்ல போயிட்டு. மறுநா காலைல எந்திரிச்சுக் கோலம் போட்டேன். சாவு விழுந்த துட்டி வீட்டுல கோலம் போடக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? கை பாட்டுக்குப் போட்டுட்டு. எதிர்வீட்டு மதினி வாயப் பொத்திக்கிட்டு நின்னா. புள்ளைக்கு வெந்நீர் போட்டதும் நான்தான். எம்புள்ள போனது இன்னைக்கித் தேதிதான். வருசாவருசம் நீங்க எல்லாரும் எந்திரிச்சு நிக்கியளே மௌனமா, இத்தன வருசமா எம்புள்ளைக்குத்தான் நின்னிய. அதனாலதான் நானும் ஒண்ணும் சொல்லல."

மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. மிட்டாய் என் வாயில் கரையாமல் அப்படியே இருந்தது.

அவளுக்குத் தெரியும். எழுபத்தொன்பதில் நடந்ததை எண்பத்தெட்டில் எவளோ ஒரு வெள்ளைக்காரி பெயரில் நான் போட்டது, தேதி வரைக்கும், எல்லாம் தெரியும். அவள் காலண்டர் தாளைத் தவிர ஒன்றும் படிக்கமாட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டெல்லா அழுதுகொண்டே அந்தம்மாவின் காதில் எல்லாவற்றையும் சொன்னார். அந்தம்மா மேடையை விட்டு இறங்கி, மெதுவாக ஐந்தாவது வரிசைக்கு நடந்துபோய்ப் பிரமுவின் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்தே பேசினார். ஸ்டெல்லா தமிழில் சொன்னார்.

"மன்னியுங்கள். இந்தக் கதையை நேற்று சாயங்காலம்தான் முதல்முறையாகப் படித்தேன். மேலே என் பெயர் இருந்தது. இவ்வளவு நல்ல கதையை நான் எழுதவில்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை."

பிரமு அவர் முழங்கையைத் தட்டிக்கொடுத்து, "அதுக்கென்ன, விடுங்க" என்றாள். அதை ஸ்டெல்லா மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

மாசானம் நன்றியுரையில் எதையோ உளறிவிட்டுத் தேசிய கீதத்தை இரண்டு தடவை பாடவிட்டான்.

9 பிப்ரவரி, திங்கள்

காலை பத்துக்கு அந்தம்மா புறப்பட்டுப் போனார். காரில் ஏறும் முன் என்னிடம் நேரே, நிறுத்தி நிறுத்தி, எனக்குப் புரிகிற ஆங்கிலத்தில், வேறு என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். "இன்னொன்று எழுதுங்கள். நான் கேட்கிறேன்" என்றார். நீங்களும் எழுத வேண்டும் என்று சொல்ல எனக்கு ஆங்கிலத்தில் வரவில்லை. கையால் எழுதிக் காட்டினேன். சிரித்தார். புரிந்திருக்கும்.

ஸ்டெல்லா போனில் அரை மணி நேரம் அழுதார். கடைசி ஐந்து நிமிஷம் திட்டினார். அதுவும் நியாயம்தான். எண்பது பக்கத்தையும் கிழித்துவிட்டு உங்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன் சார், தப்பிக்க முடியாது என்று சொல்லி வைத்தார். மாசானம் வட்டத்தின் தலைவர் பதவியிலிருந்து என்னை நீக்குவதா, பாராட்டு விழா நடத்துவதா என்று புதன்கிழமை செயற்குழு கூட்டுகிறானாம்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு நான் இந்த நோட்டை விரித்து உட்கார்ந்தேன். பிரமு 'கரோலின் போட்ட வெந்நீர்' புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து எதிரே அமர்ந்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.

"எப்பம் படிச்ச?" என்று கேட்டேன்.

"புஸ்தகப் பார்சல் வந்த அன்னைக்கே. நீங்க டூட்டிக்குப் போயிருந்திய." ஒரு வரியின் கீழே விரலை வைத்தாள். "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கிய. ஒரு இடத்துல மட்டும் மாத்திப் போட்டுட்டிய."

"எங்க?"

"அடுப்புக்கு முன்னால உக்காந்து கரோலின் அழுதாள்னு போட்டிருக்கு. அன்னைக்கு அழுதது நானா?"

நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"வெந்நீர்ப் பானையப் பாத்ததும் தரையில உக்காந்து ஏங்கி ஏங்கி அழுதது யாரு? அடுப்ப அமத்தினது யாரு? அந்தத் தண்ணிய விளாவி உங்க தலைக்கு ஊத்தி, துவட்டி விட்டு, முற்றத்துல உக்கார வச்சது நான்தான? எனக்கு அழ எங்க நேரம் இருந்துச்சு?"

சண்டைக்குச் சொல்லவில்லை. கணக்குப் பிழையைக் காட்டுகிற டீச்சர் மாதிரி விரலை எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.

ஆமாம். அழுதது நான்தான். ஆம்பிளை அழுததாக எழுத எனக்குக் கை வரவில்லை, அதனால் அதையும் அவள் தலையில் கட்டிவிட்டேன். அமெரிக்காவுக்குக் கொண்டுபோயும்கூட ஜார்ஜை ஒரு சொட்டுக் கண்ணீர் விட நான் விடவில்லை.

"சரியா எழுதிருதேன்" என்றேன்.

இதோ, புதுப் பக்கத்தில் முதல் வரியை எழுதியிருக்கிறேன். 'செண்பகம் போன மறுநாள் ஆவுடையப்பன் அழுதான்.' பிரமு எழுந்து என் முதுகுப் பக்கம் வந்து குனிந்து பார்க்கிறாள்.

"எழுத்தக் கொஞ்சம் பெருசா எழுதுங்க. கண்ணு தெரிய மாட்டேங்கு."